புழுங்கல் அரிசி, பெரிபெரி, மறதி: மலாயாவின் ஒரு மருத்துவ வரலாறு

1905 டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மறுபக்கம். மற்ற உணவெல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். சோறு மட்டும் வேறு. ஒற்றைப்படைக்காரர்களுக்குச் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஓராண்டுக்கு மேல் இது நடந்தது.

மலாயாவின் மருத்துவ வரலாற்றைப் படிக்கும் யாரும் இந்தச் சோதனையைத் தாண்டிப் போக முடியாது. உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டிய ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று நம் ஊரில், சோற்றை வைத்து நடந்திருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உள்ள ஆர்வம் வேறு. வயதானவர்களின் மறதியைப் பற்றி இன்று நாம் பேசும் பேச்சுக்கும் அந்தக் கொட்டகைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மஞ்சள் சாப்பிட்டால் மூளைக்கு நல்லது, காளான் சாப்பிட்டால் மறதி வராது என்று குடும்பக் குழுக்களில் தினமும் ஏதாவது வந்து விழுகிறது. மூளைக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை இந்த மண் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் என்ன என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

மூன்று இனம், மூன்று அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவை உலுக்கிய நோய்களில் பெரிபெரியும் ஒன்று. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும், தசை வற்றும். சிலருக்கு உடம்பு முழுக்க நீர் கோத்து வீங்கும். இருதயம் பலவீனப்பட்டுத் திடீரென்று செத்துப்போவார்கள். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோர் இப்படி மாண்டார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஈர மண்ணிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்று என்றார்கள். கிருமி என்றார்கள். கட்டடத்திலேயே நோய் குடியிருக்கிறது என்று சொல்லிக் கட்டடத்தைக் கழுவி வெள்ளையடித்தவர்களும் உண்டு.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லியோனர்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக விழுகிறார்கள். தமிழ்த் தொழிலாளர்களுக்கு நோய் அநேகமாக இல்லை. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் குறைவு. மூன்று இனத்தாருக்கும் சோறுதான் பிரதான உணவு. அப்படியானால் வித்தியாசம் எங்கே? சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே அவ்வப்போது உரலில் குத்திக்கொண்டார்கள். அதில் தவிடு முழுவதும் போவதில்லை. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பிராடன் இதையெல்லாம் தொகுத்து 1907இல் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றி ஒரு தடித்த நூலை வெளியிட்டார்.

புழுங்கல் என்பது நமக்குப் புதிதல்ல. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன்பிறகு உமி நீக்குவது. நெல்லின் மேல் தோலிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்கிற பி1 வைட்டமின் நீரில் கரையக்கூடியது. ஊறி அவியும்போது அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கி அரிசியோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடாது. பச்சை நெல்லை அப்படியே ஆலையில் கொடுத்துத் தீட்டினால் தவிட்டோடு சேர்ந்து தயமினும் போய்விடும். மாட்டுக்கும் கோழிக்கும் நல்ல தீனி, மனுஷனுக்கு வெறும் மாவு.

இதைச் சொன்னதும் 'பார்த்தீங்களா, நம்ம முன்னோர் எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க' என்று ஒருவர் கிளம்புவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவித்த நெல் குத்தும்போது அதிகம் உடையாது, நெடுநாள் கெடாமல் இருக்கும், அந்தச் சோறு சாப்பிட்டால் வயிற்றில் நிற்கும். உழைக்கும் சனத்துக்கு இந்தக் காரணங்களே போதும். தோட்ட நிர்வாகங்களும் தமிழர் உடல்நலத்தில் அக்கறை கொண்டு அதை இறக்குமதி செய்யவில்லை. வேலைக்கு வந்த சனம் கேட்டது அந்த அரிசியை, அவ்வளவுதான். புழுங்கல் அரிசி நம் ஆட்களைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது உண்மை. மலேரியாவிலிருந்தும் வயிற்றுக்கடுப்பிலிருந்தும் கொக்கிப்புழுச் சோகையிலிருந்தும் அது காப்பாற்றவில்லை. லயங்களில் செத்தவர்கள் அவற்றால் செத்தார்கள். ஓர் உணவு ஒரு குறையைத்தான் நிரப்பும். இந்தச் சின்ன உண்மையை மறந்துவிட்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எதுவும் புரியாது.

ஒற்றைப்படைக்காரர்கள்

பிராடனின் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. தமிழரும் சீனரும் அரிசியில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? வசிப்பிடம், தொழில், பழக்கம், உடல்வாகு எல்லாமே வேறுதானே. நியாயமான கேள்வி. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களைப் பாதியாகப் பிரித்து, அரிசியை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தால்தான் விடை தெரியும். 1905இல் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. ஃபிளெட்சர் அங்கேதான் தன் சோதனையை நடத்தினார்.

முடிவு லான்செட் மருத்துவ இதழில் 1907இல் வெளிவந்தது. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில், நோயோடு வந்து சேர்ந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் அது வரவில்லை. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நடுவில் இரு தரப்பினரையும் இடம் மாற்றியும் பார்த்தார்கள். இடம் மாறியது, நோய் அரிசியோடேயே போனது.

அதே 1907இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் இதை இன்னும் கறாராகச் செய்து பார்த்தார்கள். நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்ற காட்டுப்பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரு பிரிவாக்கப்பட்டார்கள். வெள்ளை அரிசிப் பிரிவில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நோய் அடங்கியது. 1909இல் அறிக்கை வந்தது. நோயை உண்டாக்கும் நஞ்சு எதுவும் வெள்ளை அரிசியில் இல்லை, தீட்டும்போது அதிலிருந்து ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பதை அவர்கள் படிப்படியாக நிறுவினார்கள். டச்சுக்காரர்களின் பத்தாவியாவில் எய்க்மானும் அவருக்குப் பின் கிரைன்ஸும் கோழிகளை வைத்துக் கண்டதும் இதையேதான். அந்த 'ஏதோ ஒன்று' 1926இல் பத்தாவியாவில் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கியவரின் பெயர் நமக்குத் தெரியும். மருத்துவ அறிக்கை எழுதியவர்களின் பெயர்கள் தெரியும். ஒற்றைப்படை எண் விழுந்ததால் செத்துப்போன அந்த 18 பேரின் பெயர்கள் நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. ஃபிளெட்சரை இன்றைய அளவுகோலால் தூக்கிலிடுவது என் நோக்கமல்ல. சோதனைக்கு முன்பே அந்தக் காப்பகத்தில் நோயாளிகள் பெரிபெரியால் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த அரிசி நல்லது என்பது அப்போது உறுதிப்படவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் தட்டில் என்ன விழ வேண்டும் என்று தீர்மானிக்க முடியாதவர்கள்தான் இந்த வரலாறு முழுவதும் வருகிறார்கள். மனநோயாளி, கைதி, ஒப்பந்தக் கூலி. அவர்களுடைய தட்டை யாரோ நிரப்பினார்கள். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அந்தக் காப்பகத்தில் நோயாளிகளின் கால் வீக்கத்தைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள், இருதயத்தைப் பார்த்தார்கள். அரிசி அவர்களுடைய புத்தியை என்ன செய்தது என்று யாரும் தேடவில்லை. அவர்கள்தான் ஏற்கெனவே 'பைத்தியங்கள்' ஆயிற்றே. ஒருவருக்குப் புத்தி மேலும் குழம்பினால் அது அவருடைய பைத்தியத்தின் கணக்கில்தான் சேரும். பிற்காலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிக்கொண்ட அதே மனநிலைதான் இது. ஆளுக்கு ஒரு பட்டம் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு காரணம் தேட வேண்டியதில்லை.

சாங்கி: இருபது வயது மறதி

பெரிபெரிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு வேறொரு வழியாகத் தெரியவந்தது. ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கி 1881இல் கண் அசைவு குழம்பி, நடை தள்ளாடி, நினைவு மங்கி இறந்த மூவரைப் பற்றி எழுதினார். அவர்களில் இருவர் கடும் குடிகாரர்கள். சில ஆண்டுகளில் மாஸ்கோவில் செர்கெய் கோர்சகோஃப், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர்களைப் பற்றி எழுதினார். காலையில் வந்து பேசிவிட்டுப் போன மருத்துவரை மத்தியானம் புது ஆளாகப் பார்ப்பார்கள்; நினைவில் விழுந்த ஓட்டையைக் கற்பனையால் அடைத்துக் கதை சொல்வார்கள், பொய் சொல்கிறோம் என்று தெரியாமலேயே. இரண்டும் ஒரே பாதிப்பின் இரண்டு கட்டங்கள் என்பதும், அதன் வேர் தயமின் குறைவு என்பதும் பிறகுதான் தெளிவாயிற்று. இதை மிகத் துல்லியமாகக் காட்டிய இடங்களில் ஒன்று சிங்கப்பூர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் சரணடைந்தது. பல்லாயிரம் நேசநாட்டுப் படைவீரர்கள் சாங்கியில் அடைக்கப்பட்டார்கள். ரொட்டியும் இறைச்சியும் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒரே நாளில் வெள்ளை அரிசிச் சோறு. உடம்பு தயமினை அதிகம் சேமித்து வைப்பதில்லை. வரவு நின்றால் சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். சரணடைந்து ஆறு வாரங்கள் ஆகும்போது முதல் நோயாளிகள் வந்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல், கண்கள் நிலைகொள்ளாமல் ஆடின, நேற்று நடந்தது ஞாபகமில்லை, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. வயிற்றுக்கடுப்பு கண்டு உடம்பு வற்றியவர்களை இது சீக்கிரம் பிடித்தது. முகாமில் கைதிகளாக இருந்த ஹியூ டி வார்டனர், பெர்னார்ட் லெனாக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இப்படிப்பட்ட 52 பேரைப் பற்றிய குறிப்புகளைக் காப்பாற்றி வைத்திருந்து, 1947இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மூளைப் பெரிபெரி'. கைவசம் இருந்த சொற்ப தயமின் ஊசியைப் போட்டபோது பலர் தெளிந்தார்கள். மதுவும் இல்லை, முதுமையும் இல்லை. தட்டில் இருந்ததும் இல்லாததும்தான் காரணம்.

இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மறதி என்றால் கிழவர்களின் சமாச்சாரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே திடகாத்திரமான இளம் சிப்பாய்களுக்கு ஆறே வாரத்தில் நினைவு போகிறது. ஊசி போட்டால் திரும்பி வருகிறது. சரியான நேரத்தில் போடாவிட்டால் திரும்பாது. மூளை உடல் எடையில் இரண்டு விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை அந்தச் சக்தியாக மாற்றத் தயமின் வேண்டும். விறகு இருக்கிறது, தீப்பெட்டி இல்லை என்கிற நிலைமை.

சாங்கியிலிருந்தவர்களுக்குக் குறிப்பெடுக்க மருத்துவர்கள் இருந்தார்கள். அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பதிவுகூட இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது புழுங்கல் அரிசி அல்ல. காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, அதோடு பட்டினி. நான் சிறுவயதில் கேட்ட தோட்டத்துக் கதைகளில், சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் இப்படி முடியும்: 'உசுரோட வந்தாரு, ஆனா ஆளு ஒரு மாதிரி ஆயிட்டாரு. சொன்னதே சொல்லுவாரு, வீட்டுக்குப் போற வழி மறந்துருவாரு.' அதற்குக் காரணம் தயமின்தான் என்று இப்போது உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பெழுத மாட்டேன். மலேரியா மூளையைத் தாக்கும். பார்த்ததை மறக்க முடியாத துயரமும் மனுஷனைக் குலைக்கும். ஆனால் அவர்களை யாரும் பரிசோதிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். 'பேயடிச்சிருக்கு' என்றார்கள், 'சயாம் காத்து' என்றார்கள். அதுவும் ஒரு பட்டம்தான்.

இன்றைய தட்டு

பெரிபெரியை இன்று நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்ப்பதில்லை. அதனால் இது முடிந்துபோன கதை என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, எழுபத்தெட்டு வயது, அடுக்குமாடியில் தனியாக இருந்தார். பிள்ளைகள் வேறு வேறு ஊரில். காலையில் தேத்தண்ணியும் நாலு கிரீம் கிராக்கர் ரொட்டியும். மத்தியானம் முந்தின நாள் சோறு, ரசம், அப்பளம். ராத்திரி மறுபடி தேத்தண்ணி, ரொட்டி. 'ஒருத்திக்காக என்னத்த சமைக்கிறது' என்பார். பல் போனதால் கறி மெல்ல முடியாது. மீன் முள்ளுக்குப் பயம். கீரை ஆய உட்கார்ந்தால் முதுகு வலி. பத்துப் பதினைந்து வருடமாக இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை. ஒரு கட்டத்தில் அடுப்பை அணைக்க மறந்தார், கொடுத்த காசை மறந்தார், கால் மதமதப்பு என்றார். ஒரு கிளினிக்கில் காட்டியபோது 'வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவர்தான் ரத்தம் எடுத்து பி12 பார்த்தார். மிகக் குறைவு. ஊசி போட ஆரம்பித்த பிறகு கால் மதமதப்பு மட்டுப்பட்டது. மறதி முழுவதும் போகவில்லை, ஆனால் பேச்சில் ஒரு தெளிவு வந்தது. பழைய மாதிரி என்னைத் திட்டவும் ஆரம்பித்தார்.

மெட்ஃபோர்மின் நல்ல மருந்து. அதை யாரும் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு அது உடலில் பி12 அளவைக் குறைக்கலாம் என்பது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த விஷயம். வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலிருந்து பி12 பிரிவதும் குறைகிறது. சைவமாக இருந்தால் வரவே சொற்பம். பி12 பற்றாக்குறை நரம்பையும் நினைவையும் தாக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல பங்கு மீட்கலாம், தாமதித்தால் கடினம். மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கோ பி1. மது, குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. தோட்டங்களில் சம்சு எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்று நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் வரும் 'குடிச்சுக் குடிச்சுப் புத்தி பேதலிச்சவர்' பாத்திரங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோர்சகோஃப் ஞாபகம் வருகிறார்.

இதை நம் சமூகத்தின் கேள்வியாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவை டிமென்ஷியா வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2018ஆம் ஆண்டின் முதியோர் ஆய்வு, அறுபது வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று கணக்கிட்டது. நூறாண்டுக்கு முன் சோற்றால் தப்பித்த சமூகம் இன்று சோற்றிலும் சீனியிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அன்று புழுங்கல் சோறு தின்றவர் பொழுது விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயிலேறும்வரை நடந்து பால் மரம் சீவினார். இன்று அவருடைய பேரன் அதைவிட அதிகச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறார், கூடவே கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் மூன்று கிளாஸ். இதற்கும் புழுங்கல் அரிசியே மருந்து என்று சொல்ல மாட்டேன். பற்றாக்குறை ஒரு நோய், மிகை வேறொரு நோய்.

கறியும் காளானும்

இப்போது அந்தக் குடும்பக் குழுச் செய்திகளுக்கு வருகிறேன். அவற்றில் சிலவற்றுக்கு உண்மையான ஆய்வு மூலம் உண்டு, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. 2006இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், டிமென்ஷியா இல்லாத 60 முதல் 93 வயது வரையான 1010 பேரை ஆராய்ந்து, கறிமசாலா உணவை அவ்வப்போதாவது சாப்பிடுபவர்கள், அநேகமாகச் சாப்பிடாதவர்களைவிட நினைவுத்திறன் சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றதாக எழுதினார்கள். 2019இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, அறுபது வயதுக்கு மேற்பட்ட அறுநூற்றுச் சொச்சம் சீனர்களில், வாரம் இரண்டு பங்குக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைவு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்ததாகச் சொன்னது.

இவை நேர்மையான ஆய்வுகள். ஆனால் ஃபிளெட்சரின் கொட்டகையை மனதில் வைத்துக்கொண்டு இவற்றைப் படிக்க வேண்டும். இங்கே யாரும் எண்ணிப் பிரிக்கப்படவில்லை. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். கறியும் காளானும் வாங்கிச் சமைத்துச் சாப்பிடும் முதியவருக்குப் பாசாருக்குப் போக காலில் தெம்பு இருக்கிறது, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்கலாம், கையில் கொஞ்சம் காசும் இருக்கலாம். நினைவைக் காப்பது காளானா, அந்த வாழ்க்கையா? நினைவு நன்றாக இருப்பதால்தான் அவரால் சமைக்க முடிகிறது என்றும் சொல்லலாமே. பிராடனிடம் அன்று கேட்ட அதே கேள்விதான். ஆய்வாளர்களும் இந்த வரம்பை மறைப்பதில்லை. செய்தியைக் கடத்தி விடுபவர்கள்தான் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

எண்ணிப் பிரித்துச் செய்த சோதனைகளும் உண்டு. கீரை, பெர்ரிப் பழங்கள், கொட்டைப் பருப்பு, மீன் என்று மூளைக்காகவே வகுக்கப்பட்ட 'மைண்ட்' உணவுமுறையை அமெரிக்காவில் 604 முதியவர்களிடம் மூன்றாண்டுகள் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. அந்த உணவை எடுத்துக்கொண்ட தரப்புக்கும், வழக்கமான உணவையே கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்ட தரப்புக்கும் நினைவுத்திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. மாறாக, ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான 'ஃபிங்கர்' ஆய்வில், நல்ல உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. ஒரு தனி உணவு அதைச் செய்யவில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிவது இவ்வளவுதான். போதிய சத்து இருக்கும் ஒருவருக்கு மேலும் ஒரு நல்ல உணவைச் சேர்ப்பதால் கிடைக்கும் லாபம், கிடைத்தாலும், சிறியது. சத்துக் குறைந்திருக்கும் ஒருவருக்கு அந்தக் குறையை நிரப்பினால் கிடைக்கும் லாபம் பெரியது. சில வேளை ஓர் ஆளையே திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பெரியது. காப்பகத்திலும் டுரியான் திப்புஸிலும் சாங்கியிலும் அரிசி அவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியதற்குக் காரணம், அங்கே இருந்தவர்களிடம் அந்த ஒன்று இல்லாமல் போயிருந்தது. நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஓரளவு நன்றாகச் சாப்பிடும் நாம் மஞ்சள் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். தனியாக ரொட்டியும் தேத்தண்ணியுமாக நாளைக் கழிக்கும் வயசாளியின் மறதியைப் பார்த்து 'வயசு' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

எல்லா மறதியும் உணவால் வருவதல்ல. அல்ஸைமர் நோய்க்கு எந்த அரிசியிலும் விடை இல்லை. பி12 ஊசியால் அதைத் திருப்ப முடியாது. அதனால்தான் திருப்பக்கூடிய மறதியை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. ரத்தப் பரிசோதனையில் பி12, தைராய்டு, சர்க்கரை பார்க்கச் சொல்லி நாமே மருத்துவரிடம் கேட்கலாம். அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பட்டியல் எடுத்துப் போகலாம். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லலாம். அதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அம்மாவையோ அத்தையையோ பார்க்கப் போகும்போது 'சாப்டீங்களா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன சாப்பிட்டார் என்று கேட்பது. 'சாப்ட்டேன்பா' என்றால் அதை நம்பாமல் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்ப்பது. சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க் கூட உட்கார்ந்து சாப்பிடுவது.

கோலாலம்பூரில் ஒற்றைப்படை எண் விழுந்தவர்களும், சயாமிலிருந்து திரும்பி வழி மறந்தவர்களும் தங்கள் தட்டைப் பற்றி வாய்திறந்து கேட்கும் நிலையில் இல்லை. அவர்களுக்காகக் கேட்கவும் ஆளில்லை. நம் வீட்டு வயசாளிகளுக்கு நாம் இருக்கிறோம்.